வாசிக்கத் தெரிந்தால் டி.சி.

நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு பள்ளிக்கூடம் காலியாகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பேன். எத்தனையோ வருஷம் ஆசிரியராக இருந்தவள் நான், பயிற்சிக் கூட்டங்களில் கேட்காத கதை இல்லை. இந்தக் கதையை மட்டும் யாரும் சொன்னதில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பதவி உயர்வில் தலைமையாசிரியராக நான் போய்ச் சேர்ந்தது வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. புதுக்கோட்டையில் டவுன் பஸ் ஏறி, தைல மரக் காடு முடிகிற இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். கட்டடம் நன்றாக இருந்தது. கழிவறை இருந்தது, அதில் தண்ணீரும் வந்தது. காலையில் பிள்ளைகளுக்கு உப்புமாவோ பொங்கலோ சூடாகக் கிடைத்தது. ஆசிரியர்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவரவர் வகுப்பு, அவரவர் கதவு. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு என்ன வரவில்லை என்பது நான்காம் வகுப்பு டீச்சருக்கு ஜூன் மாதம்தான் தெரியும். தெரிந்ததும் மூன்றாம் வகுப்பு டீச்சரை மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு அவரும் கதவைச் சாத்திக்கொள்வார். இப்படியே கை மாறிக் கை மாறி, எட்டாம் வகுப்பு முடித்து வெளியே போகிற பிள்ளைகளில் பலருக்குத் தமிழே தடுமாறிக்கொண்டிருந்தது.

மாதக் கூட்டம் என்றால் எமிஸ் என்கிற கம்ப்யூட்டர் பதிவில் எதை ஏற்றவில்லை, எந்தச் சுற்றறிக்கைக்குப் பதில் போகவில்லை என்பதோடு முடிந்துவிடும். பிள்ளை என்ற பேச்சே வராது. வந்தால் எண்ணிக்கை என்று வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஒரு கூட்டத்தில் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன், இனிமேல் சாயங்காலம் பெல் அடித்ததும் எல்லோரும் ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காருவோம், ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று. ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மார்க் சொல்லக் கூடாது. மக்கு, சோம்பேறி என்று தீர்ப்பும் சொல்லக் கூடாது. கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு சார் எனக்கு மூத்தவர், ரிட்டயர்மென்ட்டை எதிர்பார்த்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர். சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசவே வீட்டில் நேரமில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் விடவில்லை. டீயோடு வடை என் செலவு என்றேன். முதல் மாதம் முழுக்க அவர்கள் வடைக்குத்தான் உட்கார்ந்தார்கள், அதை நான் மறைக்கப்போவதில்லை.

வடை இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரே ஆள் சின்ன டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர்தான் அது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இருந்த மூன்று டீச்சர்களில் கடைசியாக வேலைக்கு வந்தவர். ஜெகதாப்பட்டினத்துப் பெண், அண்ணன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். படகு கரை திரும்பாத நாளில் போன் அடித்தால் வகுப்பிலேயே முகம் வெளுத்துவிடும். இலங்கை நேவி யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று தெரிந்த பிறகுதான் உயிர் வரும். அந்தப் பயத்தோடே வந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பாடம் எடுத்துவிட்டுப் போவார்.

பேசப் பேச எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பையன் கரும்பலகையைப் பார்த்து எழுதமாட்டான், வணங்காத உடம்பு என்று வைத்திருந்தோம். அவனைப் பற்றிப் பேசிய அன்று ஒரு டீச்சர் சொன்னார், பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து ஒழுங்காக எழுதிவிடுகிறான் என்று. கணக்கு சார் சொன்னார், பந்து காலடியில் வந்து விழுந்த பிறகுதான் தேடுகிறான் என்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கண் கோளாறு, வேறொன்றும் இல்லை. ஆளுக்கொரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சும்மா இருந்திருக்கிறோம். அவனுக்குக் கண்ணாடி வந்தது, கணக்கு சாருக்கு ஆர்வம் வந்தது. அதற்குப் பிறகு இன்றைக்கு எந்தப் பிள்ளை என்று மதியமே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பிறகு காலை முதல் பீரியடில் வகுப்புகளைக் கலைத்தோம். எழுத்து தெரியாதவர்கள் ஒரு பக்கம், சொல் வாசிப்பவர்கள் ஒரு பக்கம், சரளமாக வருபவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்து, யாருக்கு எது கைவருமோ அந்த ஆசிரியரிடம் விட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். கதவுகளைச் சாத்துகிற பழக்கம் தானாகப் போனது. இரண்டு வருஷத்தில் எங்கள் பிள்ளைகள் வாசித்தார்கள். வாய்க்கு வந்ததை ஒப்பிப்பது இல்லை, கண்ணால் பார்த்து வாசித்தார்கள். அந்த இரண்டு வருஷம்தான் என் வேலையில் நான் சந்தோஷமாக இருந்த காலம்.

அந்தச் சந்தோஷத்தை மூடி வைத்திருக்க வேண்டும். ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டோம்.

ஆண்டு விழா வந்தது. டான்ஸ் எல்லாப் பள்ளியிலும் ஆடுகிறார்கள், நம் பிள்ளைகள் மேடையில் வாசிக்கட்டும் என்று முடிவு செய்தோம். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவுதான், ஒருவர்கூட மறுக்கவில்லை. பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் மனப்பாடம் என்று சொல்லிவிடுவார்கள், அதனால் ஊர்க்காரர்களே அன்றைய பேப்பரைக் கொண்டுவந்து, எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கட்டும் என்றது கணக்கு சாரின் யோசனை. டீக்கடையிலிருந்து பேப்பர் வந்தது. ஒரு பெண் மழை அறிவிப்பை வாசித்தாள். ஒருவன் வீட்டுமனை விளம்பரத்தை விலையோடு சேர்த்து வாசித்தான், கூட்டம் விசிலடித்தது. சவுதியிலும் துபாயிலும் இருக்கிற அப்பாக்களுக்கு வீடியோ காலில் காட்டினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் பிள்ளைகளைச் சேர்க்க வரிசை நிற்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

வரிசை ஏப்ரலிலேயே வந்தது. சேர்க்க வரவில்லை, டி.சி. வாங்க வந்தார்கள்.

முதலில் வந்தது மழை அறிவிப்பை வாசித்த பெண்ணின் தாய். கையில் ஒரு பாக்கெட் இனிப்பு. என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார், நான் தடுத்தேன். பிள்ளையைப் புதுக்கோட்டையில் இங்கிலீஷ் மீடியத்தில் போடப்போகிறோம் என்றார். ஏன், இங்கே என்ன குறை என்று கேட்டேன்.

"கொறையே இல்லைங்க டீச்சர். நீங்கதான் இம்புட்டுப் படிக்க வச்சீங்க. நல்லாப் படிக்கிற புள்ளைய இங்கிட்டே போட்டு வச்சா நாளைக்கு அது எங்களத்தான கேக்கும்?"

அவர் என்னைக் குத்திப் பேசவில்லை. மனசார நன்றி சொல்ல வந்தவர் அவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கணக்கில் நாங்கள் நாற்றங்கால். நாற்று நன்றாக வந்துவிட்டது, பிடுங்கி வேறு வயலில் நட வேண்டியதுதானே? நம் பள்ளியிலேயே எட்டாவது வரைக்கும் படிக்கட்டும் என்று ஒரு தகப்பனிடம் கொஞ்சம் அழுத்திச் சொன்னபோது, உங்கள் பிள்ளைகள் எல்லாம் எங்கே படித்தார்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். எங்கள் ஆசிரியர்களில் பிள்ளை பெற்றவர் ஒருவர் விடாமல் எல்லோரும் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில்தான் ஏற்றி அனுப்பியிருந்தோம், என் மகன் உட்பட. நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். டி.சி. கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது சரளமாக வாசித்தவர்கள் உட்காரும் பாயில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். எங்கள் தாழி உடையவில்லை, திரண்ட வெண்ணெயை வழித்துக்கொண்டு தாழியை விட்டுவிட்டுப் போனார்கள். மஞ்சள் வேன் காலையில் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் வழியாக எங்கள் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு எங்களுக்கே டாட்டா காட்டுவார்கள். கணக்கு சார் முதல் வாரம் பதிலுக்குக் கை காட்டினார், பிறகு வேன் வரும் நேரத்தில் உள்ளே போய்விடுவார்.

இத்தனை பிள்ளைக்கு இத்தனை டீச்சர் என்று ஒரு விகிதம் இருக்கிறது. ஆகஸ்டில் தலை எண்ணுவார்கள். விகிதத்துக்குக் கீழே போனால் ஒரு டீச்சர் உபரி. உபரி என்றால் வேலைக்குக் கடைசியாக வந்தவர், வேறு பள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எண்ணினால் விளிம்பில் நின்றோம். ஒரு பிள்ளை குறைந்தால் சின்ன டீச்சர் போய்விடுவார். சின்ன டீச்சர் போனால் முதல் பீரியடில் எழுத்து தெரியாத பிள்ளைகளை எடுக்க எங்களில் ஒருவருக்கும் பொறுமை கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால் அந்த ஜூனிலும் ஜூலையிலும் என் கவலையெல்லாம் ஒன்றே ஒன்று, இருக்கிற பிள்ளைகள் ஆகஸ்ட் வரைக்கும் போகாமல் இருக்க வேண்டும்.

அப்போதுதான் நாங்கள் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆண்டு விழா மேடையில் ஏற்றப்படாதவள். புத்தகத்தைக் கொடுத்தால் உதடு அசையும், சத்தம் வராது. நாள் கணக்கில் அவளைப் பற்றியே பேசினோம். சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டையில் அச்சடித்திருப்பதை விரலால் தடவிக்கொண்டு நிற்கிறாள் என்று ஒருவர் சொன்னார். கணக்கு சார், அவளுக்கு வாய்க்கணக்கு வராது, ஆனால் புத்தகத்தில் இருக்கிற கணக்கைக் கேள்வி புரிந்துதான் போடுகிறாள் என்றார். அப்படியென்றால் வாசிக்கத் தெரியும், பிறர் கேட்பதுதான் பயம் என்று சின்ன டீச்சர் கண்டுபிடித்தார். மறுநாளிலிருந்து அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, இருவரும் சேர்ந்து கிசுகிசுவென்று வாசிப்பார்கள். மெல்ல மெல்லச் சின்ன டீச்சர் தன் குரலைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் அவர் நிறுத்திவிட்டார், அவள் நிறுத்தவில்லை. நான் வாசலில் நின்று கேட்டேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வாசித்துக்கொண்டே போனாள். சின்ன டீச்சர் என்னைப் பார்த்து, உள்ளே வராதீர்கள் என்று கண்ணால் காட்டினார். அன்று சாயங்காலம் வடை என் செலவு இல்லை, கணக்கு சார் வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் அவளுடைய தாய் வந்தார். கணவன் கத்தாரில் இருந்து போன் போட்டுச் சொல்லியிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வேனில் போகும்போது நம் பிள்ளையும் போகட்டும், ஆனால் வாசிக்கத் தெரிந்தால்தான், இல்லாவிட்டால் அவ்வளவு பணம் கட்டி என்ன பிரயோஜனம் என்று. வேன்காரர் கொடுத்த சேர்க்கை நோட்டீசை அந்தம்மா மடியிலிருந்து எடுத்தார். மகளை என் அறைக்குக் கூப்பிட்டு, என் முன்னால், சின்ன டீச்சர் முன்னால், அதைக் கையில் கொடுத்து வாசி என்றார்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு சின்ன டீச்சரைப் பார்த்தாள். அதன் பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல. இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். தாய் நோட்டீசை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு வருஷம் இங்கிட்டே கெடக்கட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பயத்தில் தடுமாறினாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவளை வகுப்பில் விட்டுவிட்டு வந்த சின்ன டீச்சரின் முகத்தைப் பார்த்தேன், ஏதோ சரியில்லை.

"பயமில்லைங்க டீச்சர். படியிலயே எங்கிட்ட சொல்லிட்டா. வாசிச்சா வேன்ல ஏத்திருவாங்களாம், அதான் வாசிக்கலையாம்."

அன்று சாயங்காலம் பேசிய பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தாயைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றார் சின்ன டீச்சர். கணக்கு சார் கூடாது என்றார். பிள்ளையே இங்கே இருக்க ஆசைப்படுகிறது, நாம் எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். மற்ற இரண்டு டீச்சர்களும் அவர் பக்கம். ஆகஸ்ட் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் போனால் யார் வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சின்ன டீச்சர் மட்டும் விடவில்லை. என்னை வைத்து இதை முடிவு பண்ணாதீர்கள் என்றார். அந்தப் பிள்ளைக்கு வாசிப்பு நேற்றுதான் வந்திருக்கிறது, அதற்குள் அதை ஒளித்து வைக்கப் பழக்கிவிடக் கூடாது என்றார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமை என்பது அந்தப் பார்வைதான். ஆகஸ்ட் முடியட்டும் என்று நான் சொன்னேன்.

அதன் பிறகு அவள் சத்தமாக வாசிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் கேட்டுவிட்டு அம்மாவிடம் சொல்லிவிடுவார்களாம். சின்ன டீச்சரிடம்கூட உதட்டை மட்டும் அசைத்தாள். நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஜூலை கடைசியில் ஒரு குடும்பம் திருப்பூருக்குக் கிளம்பியது. அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் இருந்த அண்ணன் தங்கை இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவர்கள் வாசிப்பார்களா மாட்டார்களா என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எண்ணிக்கை எடுக்க வந்தபோது நாங்கள் விகிதத்துக்குக் கீழே இருந்தோம். கல்வி அலுவலகத்துக்குப் போய் நின்றேன். முதல் பீரியடில் நாங்கள் என்ன செய்கிறோம், அதில் சின்ன டீச்சர் யார் என்று விளக்கிச் சொன்னேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், முழுக்கக் கேட்டார். "எனக்குப் புரியுதுங்க டீச்சர். கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?" என்றார். அவரோடு சண்டை போட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆர்டர் வந்தது. திருமயத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி. சின்ன டீச்சர் கிளம்புகிற அன்று கணக்கு சார் லீவு போட்டுவிட்டார். பிள்ளைகள் கூட்டமாக பஸ் நிறுத்தம் வரைக்கும் போனார்கள். அந்தப் பெண் மட்டும் போகவில்லை, வகுப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போகும் முன்பு சின்ன டீச்சர் எதைப் பற்றியும் என்னிடம் குறை சொல்லவில்லை, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்தோம். முதல் பீரியட் கலைப்பு ஒரு மாதம் தள்ளாடி நின்றுபோனது. சாயங்காலம் ஒருவருக்குப் பஸ், ஒருவருக்குப் பயிற்சி, ஒருவருக்குத் தேர்தல் வேலை. அதெல்லாம் இல்லாத நாளிலும் நான் யாரையும் உட்காரக் கூப்பிடவில்லை. கணக்கு சார் ரிட்டயராகும் வரை இருந்த கொஞ்ச நாளையும் சாத்திய கதவுக்குள்ளேயே ஓட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கோபப்படுகிற சக்தியே போயிருந்தது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் அந்தப் பெண்ணின் வகுப்புக்குத் தமிழ்ப் பாடத்தை நானே எடுத்தேன். ஒரு நாள் அவளை என் மேஜைக்குப் பக்கத்தில் கூப்பிட்டேன். சாப்பாட்டு நேரம், வகுப்பில் யாரும் இல்லை. எண்ணிக்கை எல்லாம் முடிந்துவிட்டது, அம்மாவிடம் யாரும் சொல்லமாட்டார்கள், எனக்கு மட்டும் மெதுவாக வாசித்துக் காட்டு என்று சொல்லிப் புத்தகத்தைப் பிரித்தேன். அவள் சின்ன டீச்சரோடு முன்பு வாசித்த அதே மாதிரிச் சின்னக் கதைதான்.

விரலை வைத்தாள். முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். இரண்டையும் சேர்க்க முடியாமல் மறுபடி முதல் எழுத்துக்கு வந்தாள். இனிமேல் நடிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மூக்கு நுனியில் வேர்த்திருந்தது. திரும்பவும் விரலை வைத்து, உதட்டைக் கடித்து முயன்று பார்த்தாள்.

"நடிக்கலைங்க டீச்சர். வரமாட்டேங்குது."

சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். அவளைப் போய் உட்காரச் சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளையை வாசிக்கக் கூப்பிட்டேன்.